புரூஃப் ஓகே சொன்ன மெயில் எங்கே இருக்கிறது?

கேள்வி: சிவகாசியில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். டிசைன் அனுப்புவது, புரூஃப் பார்த்து ‘ஓகே’ சொல்வது எல்லாம் ஜிமெயிலில்தான். பன்னிரண்டு வருட மெயில். இடம் நிரம்பப் போகிறது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளைப் போட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு ஜிமெயிலில் அழித்துவிடலாம் என்கிறான் மகன். போட்டேன். ஐமேப் வேண்டுமா, பாப்3 வேண்டுமா என்று கேட்கிறது. எதைக் கொடுத்தாலும் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. என்ன செய்ய?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கும்வரை ஒரு மெயிலைக்கூட அழிக்காதீர்கள். காலண்டர் அச்சடித்து லாரி ஏற்றிய பிறகு “இந்த ஃபோன் நம்பரை நான் ஓகே பண்ணவே இல்லையே” என்று ஒருவர் சொன்னால், உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த மெயில்தான்.

பாஸ்வேர்டு சங்கதியை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும். பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு வேறு மென்பொருள்கள் உள்ளே நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. தண்டர்பேர்டின் கணக்கு அமைப்பில் ‘ஆதென்டிகேஷன்’ என்ற இடத்தில் ‘நார்மல் பாஸ்வேர்டு’ என்றிருந்தால் ‘ஓஆத்2’ என்று மாற்றுங்கள். கூகுளின் லாகின் ஜன்னலே திறக்கும். அதில் பாஸ்வேர்டு கொடுத்து அனுமதி தாருங்கள். ஜன்னல் வெள்ளையாகவே நின்றாலோ, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தாலோ, தண்டர்பேர்டின் பிரைவசி பகுதியில் குக்கீயை (லாகினை நினைவில் வைக்க உதவும் சின்னக் குறிப்பு) ஏற்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். போன மாதம் ஒருவர் வீட்டில் முக்கால் மணி நேரம் தேடினேன், கடைசியில் அந்த ஒரு டிக்தான் இல்லை. போர்ட் எண் கேட்டால் வருவதற்கு (ஐமேப்) 993, அனுப்புவதற்கு 465, இரண்டுக்கும் எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பான இணைப்பு.

ஐமேப், பாப்3 இரண்டுமே சர்வரில் இருக்கும் மெயிலை உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் முறைகள். ஐமேப்பா, பாப்3யா என்ற கேள்விக்கு என் பதில்: ஐமேப். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்ற பிறகு மெயில் எழுதக் கற்றுக்கொண்டார். “சாப்பிட்டாயா” என்பதைக்கூட ஆங்கில எழுத்தில் ஒற்றை விரலால் தட்டி அனுப்புவார். நான் அப்போது பாப்3 வைத்திருந்தேன். ‘சர்வரில் பிரதியை விட்டுவை’ என்ற பெட்டியில் டிக் போடவில்லை. அதனால் ஒவ்வொரு மெயிலும் என் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் சர்வரில் அழிந்துகொண்டே வந்தது. 2011இல் ஒரு காலை ஹார்டு டிஸ்க் ‘டக், டக்’ என்று சத்தம் போட்டது, அவ்வளவுதான். நான்கு வருட மெயிலில் ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. அப்பா இன்று இல்லை.

ஐமேப்பை 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தார். மெயில் சர்வரிலேயே இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அதே பெட்டியைத் திறக்கலாம். பலரும் இடறுவது இங்கேதான். ஐமேப்பில் உங்கள் கம்ப்யூட்டரில் தெரிவது கண்ணாடிப் பிம்பம் மாதிரி. ஜிமெயிலில் அழித்தால் தண்டர்பேர்டிலும் போய்விடும். இங்கே டிலீட் அழுத்தினால் அங்கே டிராஷுக்குப் போகும், 30 நாளில் ஒரேயடியாக அழியும். மகன் சொல்வதை ஐமேப்பில் அப்படியே செய்தால் இரண்டு பக்கமும் காலி.

அதற்கு வழி, இடது பக்கப் பட்டியலின் அடியில் இருக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’. இது உங்கள் டிஸ்க்கில் மட்டும் இருப்பது, சர்வருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதில் வருட வாரியாக ஃபோல்டர் போட்டு, பழைய மெயில்களை அதற்குள் காப்பி செய்யுங்கள். ‘மூவ்’ வேண்டாம், ‘காப்பி’தான். ஒரு வருடம் முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு நெட் வயரைக் கழற்றிவிட்டு, அந்த ஃபோல்டரில் இருக்கும் பெரிய பிடிஎஃப் நாலைந்தைத் திறந்து பாருங்கள். நெட் இல்லாமலே எழுத்தும் படமும் முழுசாக வந்தால், மெயில் உண்மையிலேயே உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு, அது மெயில்களைச் சேர்த்துவைக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே இரண்டு வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை ஹெல்ப் மெனுவின் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ காட்டும். ஒரு டிஸ்க் அச்சகத்தில், இன்னொன்று வீட்டில். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஜிமெயிலில் கைவையுங்கள். அங்கும் எல்லாவற்றையும் அழிக்கத் தேவை வராது. தேடல் பெட்டியின் வலது ஓர ஐகானை அழுத்தி, அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்தால் கனமான டிசைன் மெயில்கள் மட்டும் வரிசை கட்டும். இடத்தை அடைப்பவை அவைதான். ‘ஓகே’ சொன்ன ஒற்றை வரி மெயில்களுக்கு இடமே பிடிக்காது, அவை ஜிமெயிலிலும் இருக்கட்டும். அழித்ததும் டிராஷைக் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். இன்னொன்று: இலவசமாகத் தரும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்லை, கூகுள் டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். உங்கள் ஃபோனில் எடுத்த வீடியோக்கள் அதே கணக்கில் ஏறிக்கொண்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10இல் கூடவே வந்த மெயில் செயலியைத்தான் வருடக்கணக்காகப் பயன்படுத்தினேன். இப்போது அனுப்பவும் முடியவில்லை, புதிதாக எதுவும் வருவதும் இல்லை. என் ஜிமெயில் கணக்கு போய்விட்டதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: போகவில்லை அம்மா. அந்தச் செயலியை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டது. உங்கள் மெயில்கள் ஜிமெயில் சர்வரில் பத்திரமாக இருக்கின்றன. பிரவுசரில் திறந்து பார்த்தால் இன்று காலை வந்ததுகூடத் தெரியும். மேலே சொன்னபடி தண்டர்பேர்டில் ஐமேப்பாகக் கணக்கைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் பழைய செயலியை உடனே நீக்கிவிடாதீர்கள். நீங்கள் எழுதி, அனுப்பாமல் வைத்த கடிதம் ஏதாவது அதன் டிராஃப்ட்டிலோ அவுட்பாக்ஸிலோ தங்கியிருந்தால் சர்வரில் அதற்குப் பிரதி இருக்காது. திறந்து பார்த்து, இருந்தால் வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு அப்புறம் நீக்குங்கள்.