சின்ன சென்சார் என்றால் படம் இருட்டாகுமா?

கேள்வி: வணக்கம் சார். தைப்பூசத்தன்று இரவு நானும் அண்ணனும் சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று காவடிகளைப் படம் பிடித்தோம். அவருடையது ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கேமரா), ஜூம் 75 மி.மீ.; என்னுடையது ஏபிஎஸ்-சி (அதைவிடச் சின்ன சென்சார்), 50 மி.மீ. இரண்டிலும் எஃப் 2.8, ஷட்டர் 1/250 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600. வெளிச்சம் ஒன்றுபோலத்தான் வந்தது. ஆனால் அவர் படத்தில் பின்னால் நிற்கும் கூட்டம் அழகாக மங்கியிருக்கிறது, இருட்டான இடங்களில் மணல் தூவியது போல வரும் புள்ளிகளும் குறைவு. கடைக்காரர், “சின்ன சென்சாரில் எஃப் 2.8 என்பது எஃப் 4 மாதிரி, வெளிச்சமும் குறையும்” என்கிறார். சரியா? (வாசகர், ஈசூன்)

பதில்: பாதி சரி. எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு விஷயத்தில் கடைக்காரர் சொன்னது தவறு, அதை நீங்களே படம் எடுத்து நிரூபித்துவிட்டீர்கள். கையில் பிடிக்கும் ஒளிமானி எதுவும் ‘உங்கள் சென்சார் என்ன அளவு’ என்று கேட்பதில்லை. எஃப் 2.8, எந்தக் கேமராவில் போட்டாலும் எஃப் 2.8தான். மழையில் ஒரு பெரிய அண்டாவையும் சின்ன டப்பாவையும் வைத்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்குத்தான் நிற்கும், ஆனால் மொத்தத் தண்ணீர் அண்டாவில்தான் அதிகம். அண்ணனின் சென்சார் பரப்பு உங்களுடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அதனால் மொத்த ஒளியும் அந்த அளவுக்குக் கூடுதல். புள்ளிகள் குறைந்தது அதனால்தான்.

இப்போது பின்னணிக்கு வருவோம். எஃப் எண் என்பது லென்ஸின் மி.மீ. அளவை, அதில் ஒளி நுழையும் துளையின் அகலத்தால் வகுத்து வருவது. 50-ஐ 2.8 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18 மி.மீ., அதாவது நம் சிங்கப்பூர்ப் பத்துக் காசு நாணயம் அளவு. அண்ணனுக்கு 75-ஐ வகுத்தால் 27 மி.மீ. வருகிறது, ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது! ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை எடுக்கும்போது பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை முடிவு செய்வது இந்தத் துளையின் அகலம்தான். சென்சார் தானாக எதையும் மங்க வைப்பதில்லை, பெரிய சென்சாரில் அதே காட்சியை நிரப்ப நீளமான லென்ஸ் தேவைப்படுகிறது, அதனால் துளையும் பெரிதாகிறது. சொல்லப்போனால், அண்ணனின் 75-ஐயே வாங்கி உங்கள் கேமராவில் மாட்டி, நகராமல், அதே எஃப் 2.8-இல் எடுத்து, இரண்டு படத்தையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் கூர்மையான பகுதி உங்கள் படத்தில்தான் கொஞ்சம் குறுகலாக இருக்கும். ஆனால் காவடி முழுதாக ஃபிரேமுக்குள் வராது, பின்னால் போவீர்கள், போனதும் மங்கல் குறைந்துவிடும்.

கடைக்காரர் சொன்னதில் சரியான பாதி இதுதான்: அண்ணன் எஃப் 4-க்குப் போய், ஷட்டரை மாற்றாமல் ஐஎஸ்ஓ-வை 3200 ஆக்கினால் அவர் படமும் ஏறக்குறைய உங்கள் படம் மாதிரியே இருக்கும், புள்ளிகள் உட்பட (ஒரே தலைமுறை சென்சார் என்றால்). மயில் பீலி முதல் அலகு வரை எல்லாமே கூர்மையாக வேண்டும் என்றால் ஃபுல் ஃபிரேமால் பெரிய லாபம் கிடையாது. மங்கல்தான் வேண்டும் என்றால், கேமராவை மாற்றாதீர்கள், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். துளை 28 மி.மீ. ஆகிவிடும், ஐஎஸ்ஓ 640 போதும், அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் கைத்தொலைபேசியிலும் எஃப் 1.8 என்றுதான் போட்டிருக்கிறது. பின்னணி ஏன் மங்குவதில்லை? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: அதே கணக்குதான். அந்த லென்ஸின் உண்மையான அளவு 7 மி.மீ. அளவில்தான் இருக்கும், துளை ஒரு கொத்தமல்லி விதை அளவு. போர்ட்ரெய்ட் மோடில் தெரியும் மங்கலை மென்பொருள் போடுகிறது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சில பூக்கள் பின்னணியோடு சேர்ந்து கரைந்திருக்கலாம்.