முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் அரை நாளில் ட்ரோகிர்

குரோஷியாவின் ஸ்ப்ளிட் விமான நிலையத்தில் மாலை விமானம், கையில் அரை நாள், அம்மாவுக்கு முழங்கால் வலி. ஸ்ப்ளிட் நகருக்குப் போவதா, ட்ரோகிருக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ட்ரோகிருக்கே போங்கள். விமான நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். ஸ்ப்ளிட் நகரம் எதிர்த்திசையில் வெகு தூரம். ட்ரோகிர் பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு சிறு பாலம். அதைத் தாண்டினால் பழைய ஊர். ஊரே ஒரு குட்டித் தீவு, பெரும்பாலும் சமதரை.

புனித லாரன்ஸ் பேராலயத்தின் மணிக்கூண்டு ஏறுவதை அம்மா விட்டுவிடட்டும், படிகள் மிகச் செங்குத்து. அந்த நேரத்தைப் பேராலயத்தின் மேற்கு வாசலுக்குக் கொடுங்கள். 1240இல் ராதோவான் என்ற சிற்பி செதுக்கியது. இரு சிங்கங்களின் மேல் ஆதாமும் ஏவாளும் நிற்கிறார்கள். தூண்களின் அடியில், பாரம் தாங்கிக் குனிந்த மனிதர்கள். கொஞ்சம் மேலே பாருங்கள்: ஆண்டின் ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய வேலைகள். ஒருவர் பன்றி அறுக்கிறார், ஒருவர் அடுப்பருகே சமைக்கிறார். புனிதர்களுக்கு நடுவே உழைப்பாளிகளுக்கும் இடம் தந்த அந்த வாசலுக்காகவே இவ்வூருக்குப் போகலாம் என்பேன்.

ஒரே எச்சரிக்கை: தெருக்கற்கள் காலங்காலமாகத் தேய்ந்து வழவழப்பானவை. மழை பெய்தால் வழுக்கும், அம்மாவுக்குப் பிடிப்புள்ள காலணி கட்டாயம். களைத்தால் தெற்குக் கரை நடைபாதையில் உட்காரலாம். கோடையில் கடலோரச் சாலை நெரிசலில் திணறும். திரும்ப ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.