டிராக் பைக்கில் (வெலோட்ரோம் ஓடுதளத்தில் ஓட்டும் சைக்கிள்) சேடிலை, அதாவது இருக்கையை, எப்படித் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது? ரோடு பைக் அளவுகளையே வைக்கலாமா?

ரோடு பைக் அளவுகளைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே வைத்துவிட வேண்டாம். டிராக் பைக்கில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும்; மிதிப்பதை நிறுத்தி, எழுந்து, இடம் மாற்றி உட்கார முடியாது. ரோட்டில் உறைக்காத சின்னப் பிசகுகூட, பெடல் 120 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 120 சுற்று) தாண்டியதும் இடுப்பைத் தூக்கிப் போடும்.

முதலில் அகலம். கெட்டியான ஸ்டூலில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டை வைத்து, முன்னால் குனிந்து நன்றாக அழுந்த உட்கார்ந்து எழுந்தால் உட்காரும் எலும்புகள் பதிந்து இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட சேடிலின் பின்பகுதி அகலமாக இருக்க வேண்டும். ஆனால் ஹேண்டில்பாரின் கீழ் வளைவான டிராப்ஸைப் பிடித்துக் குனியும்போது இடுப்பெலும்பு முன்னால் உருண்டு, எடை அந்த எலும்புகளை விட்டு முன்பக்கம் வந்துவிடும். அதனால் டிராக்கில் பின் அகலத்தைவிட சேடிலின் முன்பகுதியான மூக்கின் வடிவமும் நடுப்பள்ளமும் முக்கியம். தடித்த மெத்தை வேண்டாம்: எலும்பு அமிழும், நடுப்பகுதி மேலே பிதுங்கி நரம்பை அழுத்தும். மரத்துப்போவது "பழகினால் சரியாகிவிடும்" என்று விடுகிற விஷயமே இல்லை. சேடிலை மாற்றுங்கள்.

போட்டிக்குப் போகிறவர்கள் யூ.சி.ஐ. (சர்வதேச சைக்கிள் ஓட்ட அமைப்பு) விதியைப் பாருங்கள்: சேடில் நீளம் 240 முதல் 300 மி.மீ., சாய்வு 9 டிகிரிக்குள்.

சேடிலுக்கு அடியில் இருக்கும் கம்பிகளான ரெயிலையும் கவனியுங்கள். உலோக ரெயில் பெரும்பாலும் 7 மி.மீ. உருளை, கார்பன் ரெயில் பலவும் 7×9 முட்டை வடிவம். உருளை ரெயிலைப் பிடிப்பதற்கான கிளாம்ப்பில் கார்பன் ரெயிலை இறுக்கினால் விரிசல் விடும்.

இனி உயரம். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். ரோடு பைக்கில் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 172.5 மி.மீ., டிராக்கில் 165 மி.மீ. என்றால் கீழ்ப் புள்ளியில் பெடல் 7.5 மி.மீ. மேலே நிற்கிறது. கால் அதே அளவு நீள, சேடிலை 7.5 மி.மீ. ஏற்ற வேண்டும். ஆனால் வேகமாகச் சுற்றும்போது காலை இழுத்துக்கொண்டு போவது பெடல்தான். எட்டவில்லை என்றால் இடுப்பு இருபுறமும் ஆடும். ஆகவே அந்த உயரத்திலிருந்து 2, 3 மி.மீ. இறக்கிப் பாருங்கள். ரோலரில் (நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓட்ட உதவும் உருளைகள்) அதிக ஆர்.பி.எம்.மில் ஓட்டி, பின்னாலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொன்னால் ஆட்டம் தெரிந்துவிடும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சேடில் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம்.

முன் பின் நகர்த்துவதும் உயரத்தைத் தொடும். சீட் டியூப்பின் (சேடிலுக்குக் கீழே உள்ள பிரேம் குழாய்) சாய்வு 73 டிகிரி என்றால், 10 மி.மீ. முன்னால் தள்ளும்போது கிராங்க் சுழலும் அச்சான பாட்டம் பிராக்கெட்டிலிருந்து சேடிலுக்கு உள்ள தூரம் கிட்டத்தட்ட 3 மி.மீ. குறையும், அதை ஏற்றிச் சரிக்கட்டுங்கள். புது சேடிலைப் பழையதோடு ஒப்பிடும்போது மூக்கு நுனியிலிருந்து அளக்காதீர்கள், நீளம் மாறியிருந்தால் அளவு ஏமாற்றும். இரண்டிலும் 80 மி.மீ. அகலம் வருகிற இடத்தைக் குறித்து அங்கிருந்து அளந்தால் சரியாக வரும்.

சாய்வு: சமதரையில் பைக்கை நிறுத்தி, சேடில் மேல் ரசமட்டம் வைத்து மட்டமாகத் தொடங்குங்கள். முன்பக்கம் அழுத்தினால் ஒவ்வொரு டிகிரியாக இறக்கலாம். அளவு மீறினால் உடல் முன்னால் வழுக்கும், எடை முழுவதும் கைக்கும் தோளுக்கும் போய்விடும்.

கடைசியாக, சேடிலைத் தாங்கும் சீட்போஸ்ட்டில் எழுதியிருக்கும் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். கார்பன் போஸ்ட் என்றால் வழுக்காமல் இருக்க கார்பன் பேஸ்ட் தடவுங்கள். போஸ்ட் பிரேமுக்குள் நுழையும் இடத்தில் அடையாளமாக டேப் சுற்றிவையுங்கள். டிராக்கின் சரிந்த வளைவான பேங்கிங்கில் உடல் எடை கூடி அழுத்தும்; நின்ற நிலையிலிருந்து கிளம்பும் ஸ்டாண்டிங் ஸ்டார்ட் முடிந்து உட்காரும்போதும் மூக்கில் அடி விழும். முதல் செஷன் முடிந்ததும் டேப் நகர்ந்திருக்கிறதா, மூக்கு இறங்கியிருக்கிறதா என்று மறுபடி அளந்துவிடுங்கள்.