தண்ணீர்த் தாங்கியோடு வான்: லீசிங்கில் எடுக்கலாமா?

கேள்வி: மாங்குளத்தில் இருக்கிறேன். பழைய வான் ஒன்றில் 1000 லீற்றர் தாங்கியும் பிரஷர் வோஷரும் பூட்டி, வீடுகளுக்குப் போய் முற்றம், மதில், வாகனம் கழுவிக் கொடுக்க ஆசை. வான் 28 லட்சம் ரூபா. என்னிடம் 8 லட்சம் இருக்கிறது. மீதி 20 லட்சத்துக்கு 4 வருட லீசிங், மாதம் 59,000. மெசின் வாங்க மனைவியின் நகையை அடைவு வைக்கலாமென நினைக்கிறேன். அப்பாவின் லாண்ட்மாஸ்டரும் (இருசக்கர உழவு இயந்திரம்) அதன் இழுவைப் பெட்டியும் வீட்டில் நிற்கின்றன.

பதில்: தம்பி, தொழில் நல்லது, தொடங்குங்கள். வானை இப்போது எடுக்க வேண்டாம். நகையையும் தொட வேண்டாம்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். மாதம் 59,000 என்றால் 48 மாதத்தில் 28 லட்சத்து 32 ஆயிரம் கட்டுவீர்கள். பெற்றோல், டீசல், உதவியாளின் கூலி போக ஒரு வேலையில் 2,500 மிஞ்சும் என்று வைத்தாலும், தவணைக்கு மட்டும் மாதம் 24 வேலை வேண்டும். வீட்டுச் செலவு அதற்குப் பிறகுதான். மாசி, பங்குனியில் அறுவடை முடிய உழவு இயந்திரங்களும் அறுவடை மெசின்களும் சேறோடு நிற்கும், அப்போது வேலை கிடைக்கும். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காகப் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறப்பார்கள். ஆனால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை; முற்றம் கழுவ யார் கூப்பிடுவார்கள்? தவணை அந்த மூன்று மாதமும் வந்துகொண்டே இருக்கும். வன்னியில் கடனால் நொந்த குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டோம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த 1000 லீற்றர். அது ஒரு தொன் பாரம். அரைவாசி நிறைந்த தாங்கியில் தண்ணீர் அலைந்தால், வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் வண்டி இழுபடும். உங்களுக்கு 500 லீற்றரே போதும். மெசின் நிமிடத்துக்கு 12 லீற்றர் குடித்தால், நிறைந்த தாங்கி 40 நிமிடம் தாங்கும். வேலை செய்யும் வீட்டுக் குழாய் நிமிடத்துக்கு 5 லீற்றர் தந்தால் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். பெரும்பாலான வீடுகளில் கிணறு இருக்கும். தண்ணீரை அங்கேயே எடுத்து, தாங்கியைக் கிணற்றுக்கும் மெசினுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் கிணறு வற்றும் வீட்டுக்கு மட்டும் நிரப்பிக்கொண்டு போங்கள். தண்ணீர் இல்லாமல் மெசின் ஓடினால் பம்ப் பழுதாகிவிடும், தண்ணீர் வடிகட்டியும் அடைபடாமல் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டையும் கவனிப்பது நீங்கள் போட்ட முதலீட்டைக் காப்பது.

சேமிப்பில் 3 லட்சத்துக்குள் மெசின், தாங்கி, நல்ல ஹோஸ், உதிரிப் பாகங்களை வாங்கி லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றுங்கள். மாங்குளத்தைச் சுற்றித்தான் ஓடலாம், கிளிநொச்சி வேலைகளை இப்போதைக்கு விட வேண்டியிருக்கும். பரவாயில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிடுங்கள், பாடசாலை, அலுவலக வேலைகளுக்குப் பற்றுச்சீட்டோடு விலை கொடுக்கலாம். எண்ணெய் கலந்த கழிவுநீர் கிணற்றுப் பக்கம் ஓடாமல் பாருங்கள்.

ஒவ்வொரு வேலையையும் கொப்பியில் எழுதுங்கள்: வந்த காசு, எரிபொருள், போன தூரம். ஒரு அறுவடையும் ஒரு மாரியும் கழியட்டும். மாரி மாதங்களிலும் செலவு போகக் கையில் காசு நின்றால், வான் விலையில் அரைவாசியை முற்பணமாகக் கட்டி, மிச்சத்துக்கு மட்டும் லீசிங் போடுங்கள். ஆறு மாதத் தவணைப் பணம் வங்கியில் தனியாக இருக்க வேண்டும். வானில் தாங்கி பூட்டியதையும் தொழிலுக்கு ஓடுவதையும் காப்புறுதிக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை றோட்டில் இறக்குங்கள்.