குரூப் வேண்டாம், சேனல் தொடங்குங்கள்

வணக்கம் சகோதரி. பாலக்கோட்டில் உங்கள் கிளை நூலக வாசகர்களுக்கு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினீர்கள், அதிலிருந்து நம்பரை எடுத்து யாரோ இரவில் அழைக்க, மூன்று பெண்கள் விலகிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் தவறே இல்லை. குரூப்பின் அமைப்பு அப்படி. 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்று பூட்டினாலும் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் சேனலுக்கு மாறுங்கள். நீங்கள் போடுவதை மற்றவர்கள் பின்தொடர்ந்து படிக்கலாம், 2023-ல் வந்த வசதி இது. அப்டேட்ஸ் பகுதியில் கூட்டல் குறியைத் தொட்டு உருவாக்கலாம். பின்தொடரும் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, உங்கள் நம்பரும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் குரூப் மாதிரி அவர்கள் பதில் எழுத முடியாது. 'இந்தப் புத்தகம் இருக்கா?' என்று கேட்க விரும்புபவர்களுக்காக ஒரு தனி சிம் வாங்கி, அந்த எண்ணைச் சேனல் விவரத்தில் போடுங்கள். சொந்த நம்பர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கிருஷ்ணகிரி நூலகத்தில் நான் புதுப் புத்தகத்தை ஜன்னலோரம் வைத்து அட்டையைப் படம் எடுத்துச் சேனலில் போடுவேன், கீழே அலமாரி எண். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்த எண்ணைப் பார்த்து நேராக அலமாரிக்கே போய்விடுகிறார்கள். அப்புறம், தமிழில் டைப் அடிக்கச் சிரமம் என்றீர்களே, ஜிபோர்டில் (கூகுளின் கீபோர்டு) மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். ல, ள, ழ மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

பழைய குரூப்பை மூடும் முன் சேனல் லிங்க்கை அதில் போடுங்கள். விலகிய மூவருக்கும் நேரில் சொல்லுங்கள்.