கரும்புக் காட்டில் கௌபாய்

கேள்வி: ஐயா, வணக்கம். 1867 முதல் 1871 வரையிலான மொரீசியசைக் களமாகக் கொண்டு, 46 பக்கங்களில் ஒரு கௌபாய் சித்திரக்கதை வரைந்து முடித்திருக்கிறேன். நாயகன் ஒப்பந்தக் காலம் முடிந்த தமிழ்க் கூலித் தொழிலாளி. அவனிடம் துப்பாக்கியும் இல்லை, கதையில் பாலைவனமும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து டெக்ஸ் வில்லர் புத்தகங்களை வரவழைத்துப் படிக்கும் என் மாமா, “படம் நன்றாக இருக்கிறது, ஆனால் இது கௌபாய் கதை இல்லையே” என்கிறார். அவருக்காகத் துப்பாக்கியைச் சேர்த்தால் பழைய கள், புதிய மொந்தை என்று ஆகிவிடாதா? பத்துப் பக்கங்களை இணைத்திருக்கிறேன்.
– ரோஸ் ஹில் வாசகர்

பதில்: உங்கள் மாமாவுக்கு ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்பது உண்மை, அது துப்பாக்கிதான் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டீர்கள். அவர் பிடித்துப் படிக்கும் டெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் இத்தாலியில் போனெல்லி எழுத, கல்லெப்பினி வரைய வெளிவந்த அந்தத் தொடரில், சட்டத்தின் காவலனான ரேஞ்சரே நவஹோ பழங்குடியினரின் தலைவன் ‘இரவுக் கழுக’ராகவும் ஆகிறார். செவ்விந்தியரை எதிரிகளாகவே காட்டிப் பழகியிருந்த ஒரு கதைவகையில் அது சிறிய துணிச்சல் அன்று. ஆயினும் வாசகர் விலகிப் போகவில்லை. திறந்த வெளியில் இருவர் எதிரெதிரே நிற்பதும், யார் கை முதலில் அசையும் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும், சட்டம் கைவிட்ட இடத்தில் நியாயம் வந்து சேர்வதும் அப்படியே இருந்தன. கௌபாய் கதைக்குக் காசு கொடுப்பவர் இவற்றுக்காகத்தான் கொடுக்கிறார்.

இவற்றில் நியாயத்தின் பகுதியை நீங்கள் என் எதிர்பார்ப்பைவிட நன்றாகவே பிடித்திருக்கிறீர்கள். அமெரிக்க மேற்கில் சட்டம் எட்டாததால் கதை பிறக்கிறது. இங்கே 1867-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதனின் மடி வரைக்கும் எட்டியதால் பிறக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பழைய குடியேறி தன் புகைப்படம் ஒட்டிய பாஸ் இல்லாமல் வெளியே நடமாடினால், நாடோடி என்று பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்ற நிலையில், ஷெரீப் வரவேண்டிய இடத்தில் போலீஸ்காரனே வில்லனாக வருகிறான். இந்தப் புதுமையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

குறை 31-ஆம் பக்கத்தில் இருக்கிறது. நாயகனும் போலீஸ்காரனும் முதன்முதலாகச் சந்திக்கும் அந்தக் காட்சியை, ஆளைவிட உயர்ந்து நிற்கும் கரும்புக்குள் வைத்துவிட்டீர்கள். ஆறு கட்டங்களிலும் தோகைதான். தோகையை விலக்கியதும் போலீஸ்காரன் முகம், அடுத்த கட்டத்தில் பிடி, அதற்கடுத்த கட்டத்தில் ஓட்டம் என்று பக்கம் முடிந்துவிடுகிறது. பதுங்கலுக்கும் துரத்தலுக்கும் கரும்புக் காடு அருமையான இடம் என்றாலும், காத்திருப்பதற்கு அங்கே தூரமே கிடையாது. உங்கள் மாமா தேடியது அந்தத் தூரத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே கதையின் மாதத்தை மாற்றுங்கள். நம் ஊரில் ஜூன் வாக்கில் வெட்டு தொடங்கினால் ஆண்டுக் கடைசிக்குள் காடெல்லாம் கட்டாந்தரையாகிவிடும். மிஞ்சுவது கரும்புக் கட்டையும், கூலிகள் கையால் பொறுக்கி நடுவே குவித்துவைத்த கருங்கல் மேடுகளும், தொலைவில் மலையும்தான். அந்த வெளியின் ஒரு முனையில் குதிரைமேல் போலீஸ்காரனையும், மறுமுனையில் கல்மேட்டை ஒட்டி உங்கள் நாயகனையும் நிறுத்திப் பாருங்கள். முதல் கட்டம் பக்கத்தின் முழு அகலத்துக்கும் இருக்கட்டும். அதில் வசனம் வேண்டாம். அடுத்து குதிரையின் குளம்பு, கண்கள், பிறகு நாயகனின் வலக்கை மெல்ல இடுப்பு மடியை நோக்கி இறங்குவது. அவன் எடுக்கப்போவது பாஸா, கரும்பு வெட்டும் கத்தியா என்பது பக்கத்தைத் திருப்பும்வரை வாசகருக்குத் தெரியக் கூடாது. ஆகையால் அந்தக் கை வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் விழும்படி பக்கக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு தோட்டாகூட இல்லாமல் உங்கள் மாமா நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. கூலிகளுக்காகக் குரல்கொடுத்த அதோல்ஃப் த பிளெவிட்ஸ் துணைநிற்க, பழைய குடியேறிகள் 9,000-க்கும் மேற்பட்டோர் தங்கள் குறைகளைச் சொல்லி ஒப்பமிட்ட 1871-ஆம் ஆண்டு மனுவுக்கு ஐந்து பக்கம் ஒதுக்கி, வசன பலூன்களில் மனுவின் வாசகத்தையே நிரப்பியிருக்கிறீர்கள். அது நம் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. மறு ஆண்டே அரச விசாரணைக் குழு இங்கே வந்தது. ஆனால் இந்தப் பக்கங்களில் கதை குதிரையை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குள் போய்விடுகிறது. ஒரு பக்கம் போதும். மிச்சம் நான்கையும் கல்மேட்டுக் காட்சிக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் துப்பறியும் தொடரின் நாயகன் முதல் இதழிலிருந்தே சுருட்டுப் பிடிக்கிறான். இப்போது சிறுவர்கள் நிறையப் படிக்கிறார்கள். எடுத்துவிட்டால் அவன் அடையாளம் போய்விடுமா?
– காத்ர் போர்ன் வாசகி

பதில்: கௌபாய் சித்திரக்கதை நாயகன் லக்கி லூக் 1983-இல் சிகரெட்டை விட்டுவிட்டு ஒரு புல் தண்டைக் கடிக்கத் தொடங்கினார், யாரும் அவரை அடையாளம் தெரியாமல் தவிக்கவில்லை. உதட்டோரம் ஏதோ ஒரு கோடு நீட்டிக்கொண்டிருந்தது, அந்த அலட்சியமும் அப்படியே இருந்தது. எனவே சுருட்டை எடுங்கள், வாயை மட்டும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள். புல் தண்டு வேண்டாம், அது அவருடையது. உங்கள் நாயகன் நம் ஊர்க்காரன்தானே, ஒரு கரும்புத் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். பொய் சொல்பவன் காலடியில் சக்கையைத் துப்பவும் அவனுக்கு வசதியாக இருக்கும்.