இங்கிலாந்து மதப் பள்ளிகளில் இடம் கிடைக்குமா? கேள்வி பதில்

இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மதப் பள்ளி. அவற்றில் சேர்க்கை பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த பதில்கள்.

நாங்கள் சைவர்கள். வீட்டுக்கு எதிரிலேயே கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி. விண்ணப்பிக்கலாமா அக்கா?

தாராளமாக. இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால்தான் மதம் பார்த்து வரிசைப்படுத்தலாம். 30 இடத்துக்கு 28 பேர் கேட்டால் 28 பேரையும் எடுத்தே ஆகவேண்டும். போன வருடம் எந்த முன்னுரிமைப் பிரிவு வரை இடம் போனது என்று உள்ளூர் கவுன்சிலில் கேட்டுப் பாருங்கள், நிலவரம் புரிந்துவிடும்.

மகனுக்கு மூன்று வயதில்தான் ஞானஸ்நானம் கொடுத்தோம். ஞாயிறு பூசை தவறுவதில்லை. கோயிலைச் சுத்தம் செய்யவும் போகிறோம். இதெல்லாம் கணக்கில் வருமா?

பூசைக்குப் போவது வரலாம். சுத்தம் செய்வதும் காணிக்கையும் வராது. பண உதவி, உடலுழைப்பு இரண்டையும் வைத்து முன்னுரிமை தரக் கூடாது என்று அரசின் பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்பு சொல்கிறது. பெற்றோரை நேர்காணலுக்கு அழைக்கவும் கூடாது. ஞானஸ்நானத்துக்கு வயது வரம்பு வைக்கும் பள்ளிகள் உண்டு, அதனால் அந்த ஆண்டின் விதிகளை வரி விடாமல் படியுங்கள்.

பலரும் கோட்டை விடுவது படிவத்தில்தான். ஆரம்பப் பள்ளிக்கான கவுன்சில் விண்ணப்பத்தை ஜனவரி 15க்குள் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். பள்ளி கேட்கும் துணைப் படிவம் தனி. பங்குத்தந்தை கையெழுத்தோடு அது நேரே பள்ளிக்குப் போகவேண்டும். போகாவிட்டால், வாராவாரம் பூசைக்குப் போனவரும் ‘மற்றவர்கள்’ பட்டியலில்தான் நிற்பார்.

நாங்கள் பிறப்பால் இந்து, கோயிலுக்கு அதிகம் போவதில்லை. இந்துப் பள்ளியில் முன்னுரிமை உண்டா?

பிறப்பை மட்டும் சொல்லிக் கேட்க முடியாது. அரசு நிதி பெற்ற முதல் இந்துப் பள்ளியான கிருஷ்ணா அவந்தி 2008இல் லண்டன் ஹாரோவில் தொடங்கியது. அடுத்த ஆண்டே பக்கத்து கென்டனில் உள்ள ஜே.எஃப்.எஸ். யூதப் பள்ளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. அங்கே ஒரு பையனுக்கு இடம் மறுத்திருந்தார்கள். அவன் அம்மா யூத மதத்துக்கு மாறியவர்தான், ஆனால் அந்த மதமாற்றத்தை ஆர்த்தடாக்ஸ் (மரபுவழி) யூத மதத் தலைமை ஏற்கவில்லை. தாய் வழியில் யூதரா என்று பார்த்து இடம் தருவது இனப் பாகுபாடு என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளி வழிபாட்டுக்கு வருவதைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. கடைப்பிடிப்பைக் கேட்கலாம், வம்சத்தைக் கேட்கக் கூடாது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

பாதி இடம் எல்லா மதத்தினருக்கும் என்கிறார்களே?

அந்த விதி புதிதாகத் தொடங்கும் ஃப்ரீ ஸ்கூல்களுக்கு (அரசுப் பணத்தில், ஆனால் கவுன்சில் பொறுப்பில் இல்லாமல் நடப்பவை) மட்டும், அதுவும் விண்ணப்பம் அதிகமானால்தான். கத்தோலிக்கப் பிள்ளையையே திருப்பி அனுப்ப நேரும் என்று கத்தோலிக்கத் திருச்சபை அப்படிப்பட்ட பள்ளி தொடங்கவே மறுத்தது. 2016இல் விதியை நீக்கப் பார்த்த அரசு 2018இல் பின்வாங்கியது. 2024 மே மாதம் விதியை நீக்கும் பேச்சை மறுபடி எடுத்தார்கள், ஜூலையில் ஆட்சியே மாறிவிட்டது. பழைய பள்ளிகளை இந்த விதி தொட்டதே இல்லை. சத்தம்தான் பெரிது.

சேர்ந்தபின் பிள்ளையை ஜெபத்திலிருந்து விலக்கலாமா?

விலக்கலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் போதும். அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.